செப்புத் தகட்டில் பிரபுக்கள்: வாசகர் கேள்வி–பதில்

17ஆம் நூற்றாண்டு முதல் 19ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவில் அச்சான அரசியல் பிரபுக்களின் உருவப்படங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: 'ஸ்ட்ராஃபோர்டு ஏர்ல் தாமஸ் வென்ட்வொர்த்' என்று பெயர் போட்ட பழைய அச்சுப்படம் ஒன்று என்னிடம் இருக்கிறது. முதலாம் சார்லஸ் மன்னரின் அமைச்சரான அவர் 1641இல் தலை வெட்டிக் கொல்லப்பட்டவர். படமும் அந்தக் காலத்ததுதானா? முகம் முழுக்கப் பொடிப் புள்ளிகளாகத் தெரிகிறது. கீழே, மூல ஓவியம் யாருடைய சேகரிப்பில் இருக்கிறது என்று ஒரு வரி உள்ளது.

பதில்: இல்லை, அதைவிட ஏறக்குறைய இருநூறு ஆண்டு பிந்தியது. படத்தில் இருப்பவர் வாழ்ந்த காலம் ஒன்று, தகடு செதுக்கப்பட்ட காலம் இன்னொன்று, அந்தத் தகட்டிலிருந்து உங்கள் தாள் அச்சான காலம் மூன்றாவது. இவற்றைத் தனித்தனியே கேட்டுப் பழகிக்கொள்ளுங்கள். விலை கொடுத்து ஏமாறுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் காலத்தை மட்டும் பார்த்து மற்ற இரண்டையும் ஊகித்துக்கொண்டவர்கள்.

புள்ளிகளாலேயே முகத்தை உருவாக்குவது ஸ்டிப்பிள் முறை. 1764இல் லண்டனுக்கு வந்த இத்தாலியர் பிரான்செஸ்கோ பார்த்தலோஸியின் பட்டறை வழியாகத்தான் அது இங்கிலாந்தில் பெரும் புகழ் பெற்றது. ஆகவே ஸ்ட்ராஃபோர்டு உயிரோடிருந்தபோது இப்படி ஒரு தகடு செதுக்கப்பட்டிருக்க முடியாது. நீங்கள் சொல்லும் சேகரிப்பு வரியையும் சேர்த்துப் பார்த்தால், எட்மண்ட் லாட்ஜ் 1814 முதல் 1834 வரை பகுதி பகுதியாக வெளிக்கொண்டுவந்த பிரிட்டிஷ் பிரமுகர் தொகுப்பிலிருந்து பிரிந்த தாளாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் 240 உருவப்படங்கள் உண்டு. பிரபுக்களின் மாளிகைகளில் தொங்கிய ஓவியங்களைப் பார்த்துச் செதுக்கியவை அவை. வாழ்க்கைக் குறிப்புகளோடு, அளவு குறைத்த மலிவுப் பதிப்புகளாகவும் பலமுறை வந்தன. பிற்கால வியாபாரிகள் நூலைப் பிரித்துப் படங்களைத் தனித்தனியே விற்றதால், இன்று சந்தையில் அதிகம் தட்டுப்படுபவற்றில் அவையும் அடங்கும்.

இதனால் தாள் மதிப்பில்லாதது என்று நினைக்க வேண்டாம். அந்த ஒற்றை வரி, குறிப்பிட்ட ஓவியம் அப்போது யார் வீட்டில் இருந்தது என்பதற்குச் சான்று. ஓவியம் பின்னர் கைமாறியிருந்தாலோ எரிந்துபோயிருந்தாலோ, வரலாற்றாசிரியர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

கேள்வி: கோடு செதுக்கு, எட்ச்சிங், மெசோடின்ட் என்றெல்லாம் எழுதுகிறீர்கள். வீட்டில் இருந்தபடியே எப்படிப் பிரித்தறிவது?

பதில்: பத்து மடங்கு பெரிதாக்கும் சிறு லென்ஸ் ஒன்று போதும். பக்கவாட்டிலிருந்து விழும் வெளிச்சத்தில் பாருங்கள்.

முதலில் ஒரு கோட்டின் முனையைக் கவனியுங்கள். பியூரின் என்கிற கூர்முனை உளியால் செம்பைத் தள்ளிச் செதுக்கிய கோடு ஊசி முனையாகத் தொடங்கி, நடுவில் பருத்து, மறுபடி ஊசி முனையாக முடியும். உளி ஆழமாக இறங்கும் இடத்தில் கோடு தடிக்கும் என்பதே காரணம். எட்ச்சிங்கில் தகட்டின் மேல் மெழுகுப் பூச்சு இட்டு, ஊசியால் பூச்சை மட்டும் கீறி, அமிலத்தில் இடுவார்கள். அரிப்பது அமிலம் என்பதால் கோடு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே தடிமனாக, மழுங்கிய முனையோடு நிற்கும். கை தாளில் ஓடுவதுபோல் தாராளமாக வளையும்.

ஒரே தகட்டில் இரண்டும் இருந்தால் குழம்ப வேண்டாம். உடையையும் பின்னணியையும் அமிலத்தில் விரைவாக முடித்துவிட்டு, முகத்தை மட்டும் உளியால் செதுக்குவது 18ஆம் நூற்றாண்டில் சாதாரண நடைமுறை.

மெசோடின்ட் இதற்கு நேர் எதிர்த் திசையில் போகிறது. ராக்கர் என்ற பல் வைத்த வளைந்த கருவியை எல்லாத் திசைகளிலும் தகட்டின் மேல் ஆட்டி ஆட்டி, முழுப் பரப்பையும் சொரசொரப்பாக்குவார்கள். அந்த நிலையில் அச்சிட்டால் ஒரே கறுப்பு. பிறகு வெளிச்சம் வர வேண்டிய இடங்களைச் சுரண்டியும் தேய்த்தும் வழவழப்பாக்க வேண்டும். வழவழப்பான இடத்தில் மை நிற்காது, அங்கே வெளுப்பு வரும். லென்ஸில் கோடே இருக்காது. இருளிலிருந்து முகம் எழுவதுபோல் தெரியும். சுரண்டிய எல்லைகளில் மட்டும் ராக்கரின் பல் தடங்கள் வரிசையாகத் தென்படும். லுட்விக் ஃபான் சீகன் 1642இல் ஹெஸ்ஸ-காஸல் சீமாட்டி அமேலி எலிசபெத்தின் உருவத்தை இந்த முறையின் தொடக்க வடிவில் வெளியிட்டார். முறை பிறந்தது ஜெர்மன் நாட்டில் என்றாலும் வேர் பிடித்தது இங்கிலாந்தில். நெல்லர், ரெனால்ட்ஸ் போன்றவர்களின் எண்ணெய் ஓவியங்களில் உள்ள பட்டும் வெல்வெட்டும் இந்த முறையில் அவ்வளவு அழகாக வந்தன.

மெசோடின்டின் பலவீனமும் அந்தச் சொரசொரப்பில்தான் இருக்கிறது. அச்சு உருளை அழுத்த அழுத்தச் செம்பின் பிசிறு படுத்துவிடும். சில நூறு படிகளுக்குள்ளேயே கறுப்பு சாம்பலாகிவிடும். கோடு செதுக்கிய செப்புத் தகடு ஆயிரக்கணக்கில் தாங்கும். 1820களில் வந்த எஃகுத் தகடு பல்லாயிரம் தாங்கும். உங்கள் மெசோடின்டில் மேலங்கியின் மடிப்புகளெல்லாம் ஒரே மந்தமான சாம்பலாகக் கலந்திருந்தால், தகடு தேய்ந்த பிறகு எடுத்த படி அது. கண்மணி, உதட்டோரம் போன்ற இடங்களில் மட்டும் திடீரென்று கடுமையான கோடுகள் இருந்தால், தேய்ந்த தகட்டைத் தட்டித் தேற்றி மறுபடி அச்சிட்டிருக்கிறார்கள்.

கடைசியாக ஒன்று. லென்ஸில் சம இடைவெளி விட்ட புள்ளி வரிசைகள் தெரிந்தால் அது 19ஆம் நூற்றாண்டின் இறுதிக்குப் பிந்தைய அச்சகப் பிரதி. ஸ்டிப்பிள் புள்ளிகள் கையால் இட்டவை. அளவும் இடைவெளியும் மாறிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: படத்தைச் சுற்றித் தாளில் ஒரு பள்ளம் இருந்தால் அசல் என்கிறார்களே?

பதில்: அது தகட்டுத் தடம். ஈரமாக்கிய தாளைத் தகட்டின் மேல் வைத்து உருளைகளுக்கிடையே செலுத்தும்போது உண்டாவது. ஆனால் நவீன பிரதிகளில் வெற்றுத் தகட்டை அழுத்திப் பொய்த் தடம் போடுவதுண்டு. ஒளிப்படத்தைத் தகட்டில் பதித்து அமிலத்தால் அரிக்கிற 19ஆம் நூற்றாண்டு ஃபோட்டோகிராவ்யூர் பிரதிகளுக்கோ உண்மையான தடமே இருக்கும். ஆகவே தடத்தின் விளிம்பைப் பாருங்கள். உண்மைத் தகட்டின் சாய்ந்த ஓரத்தில் துடைத்தும் போகாத மை, மெல்லிய கோடாகவோ திட்டாகவோ தாளில் ஏறியிருப்பதுண்டு. அடுத்து, அடர்ந்த நிழல் பகுதியைச் சாய்வான ஒளியில் பாருங்கள். ஆழமாகச் செதுக்கிய கோடுகளில் மை தாளுக்கு மேலே மேடாக நிற்கும்.

ஒரே தகட்டின் இரண்டு படிகளை அளந்து, சில மில்லிமீட்டர் வித்தியாசத்தைக் கண்டு போலி என்று முடிவு கட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். ஈரத் தாள் காயும்போது சுருங்கும், தாளுக்குத் தாள் சுருக்கம் மாறும். அந்த வித்தியாசம் எதையும் நிரூபிக்காது.

கேள்வி: படத்துக்குக் கீழே பொடி எழுத்தில் இருக்கும் லத்தீன் சொற்களையும் தேதியையும் எப்படிப் படிப்பது?

பதில்: இடது மூலையில் 'பிங்ஸிட்' என்று முடிந்தால் ஓவியம் தீட்டியவர் பெயர். 'டெலினியாவிட்' என்றால் அச்சுக்காக வரைந்து கொடுத்தவர். வலது மூலையில் 'ஸ்கல்ப்ஸிட்' அல்லது 'ஸ்கல்ப்' செதுக்கியவரைக் குறிக்கும். 'எக்ஸ்குடிட்' என்றிருந்தால் வெளியிட்டவர், பெரும்பாலும் தகட்டின் உடைமையாளர். 'அட் விவும்' என்றால் ஆளை நேரில் பார்த்து வரைந்தது.

ஆங்கிலப் படங்களில் 'பாராளுமன்றச் சட்டப்படி வெளியிடப்பட்டது' என்ற வரியும் தேதியும் 1735க்குப் பிறகு வருபவை. செதுக்கு ஓவியர்களின் உரிமையைக் காக்க வில்லியம் ஹோகார்த் முன்னின்று பெற்ற சட்டம் அது. காப்புக்காலம் 14 ஆண்டு. உரிமையாளர் பெயரும் வெளியீட்டுத் தேதியும் தகட்டிலேயே பொறிக்கப்பட வேண்டும் என்பது நிபந்தனை. 1767இல் காப்புக்காலம் 28 ஆண்டானது. நமக்கு இன்று இவ்வளவு துல்லியமான தேதிகள் கிடைப்பதற்கு அந்த நிபந்தனைதான் காரணம்.

அந்தத் தேதியின் பயனை ஹோகார்த்தின் லோவட் பிரபு படத்தில் காணலாம். ஸ்டூவர்ட் வம்சத்தை மீண்டும் அரியணை ஏற்ற 1745இல் எழுந்த கிளர்ச்சியில் பிடிபட்ட ஸ்காட்லாந்துப் பிரபு சைமன் ஃப்ரேசரை லண்டனுக்குக் கொண்டுவரும் வழியில், செயின்ட் ஆல்பன்ஸ் ஊரில் ஹோகார்த் சந்தித்து வரைந்தார். கிளர்ச்சியில் இறங்கிய குலங்களை விரல்விட்டு எண்ணுகிற கோலத்தில் அவரை எட்ச்சிங்காக்கினார். தகட்டில் உள்ள தேதி 1746 ஆகஸ்ட் 25, விலை ஒரு ஷில்லிங். லோவட்டின் தலை விழுந்தது 1747 ஏப்ரல் 9இல். தண்டனைக்கு மாதங்களுக்கு முன்பே, விசாரணைகூடத் தொடங்காத நிலையில், அவர் முகம் நகரமெங்கும் விற்றுக்கொண்டிருந்தது என்பதைத் தேதியே சொல்லிவிடுகிறது.

இரண்டு எச்சரிக்கைகள். தகட்டில் பொறித்த தேதி அழியாது. ஐம்பது ஆண்டு கழித்து அச்சிட்டாலும் அதே தேதிதான் வரும். அதனால் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுமார் 25 மில்லிமீட்டர் இடைவெளியில் செங்குத்துக் கோடுகளும் அவற்றுக்குக் குறுக்கே நெருக்கமான மெல்லிய கோடுகளும் தெரிந்தால், கம்பிச் சட்டத்தில் வார்த்த பழைய வகைத் தாள். கோடின்றி ஒரே சீராக இருந்தால் வோவ் தாள். ஜேம்ஸ் வாட்மன் ஆலை அதை 1757 வாக்கில் அறிமுகப்படுத்தியது, நூற்றாண்டின் இறுதியில்தான் எங்கும் பரவியது. 1746 என்று தேதியிட்ட லோவட் வோவ் தாளில் இருந்தால் அது பிற்கால அச்சு. 1794 முதல் ஆங்கிலத் தாள்களின் நீர்க்குறியில் ஆண்டும் வரத் தொடங்கியது. நீர்க்குறியில் உள்ள ஆண்டுக்கு முன்பு அந்தத் தாளில் எதுவும் அச்சாகியிருக்க முடியாது.

இன்னொன்று நாட்காட்டி. இங்கிலாந்தில் 1752க்கு முன் சட்டப்படியான புத்தாண்டு மார்ச் 25இல் பிறந்தது. பிரதமர் ராபர்ட் வால்போல் பதவி இழந்து ஆர்ஃபோர்டு ஏர்ல் ஆனது நம் கணக்கில் 1742 பிப்ரவரி. அக்காலத்தவர் எழுதும்போது அது 1741 பிப்ரவரி. ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதத் தேதிகளைப் பார்த்தவுடன் இந்த ஓராண்டை நினைவில் கொள்ளுங்கள்.

கேள்வி: பெயரே இல்லாத படம் ஒன்று உள்ளது. கீழே கேடயச் சின்னமும் அதன் மேல் சிறு முடியும் மட்டும் தெரிகின்றன. ஆளைக் கண்டுபிடிக்க வழி உண்டா?

பதில்: நிறையவே உண்டு. உங்கள் படத்தில் பெயர் வெட்டுப்பட்டிருக்கலாம், அல்லது எழுத்துப் பொறிக்கும் முன் எடுத்த சோதனைப் படியாக இருக்கலாம். சோதனைப் படி என்றால் அடியில் வெற்றிடமும் தகட்டுத் தடமும் முழுசாக இருக்கும்.

முடியிலிருந்து தொடங்குங்கள். ஆங்கிலப் பிரபுக்களுக்கு: டியூக் முடியில் ஸ்ட்ராபெரி இலைகள் மட்டும், படத்தில் நடுவே மூன்று முழு இலை, ஓரங்களில் இரண்டு அரை இலை. மார்க்விஸுக்கு இலையும் முத்தும் மாறி மாறி வரும். ஏர்லுக்கு உயரமான காம்புகளில் ஐந்து முத்து, இடையிடையே தாழ்ந்த இலைகள். வைகவுண்டுக்குக் காம்பில்லாமல் விளிம்பிலேயே ஒன்பது முத்து, சில வேளை ஏழு. பாரனுக்கு நான்கு. பிரெஞ்சு முடிகளை இந்தக் கணக்கில் படிக்கக்கூடாது. அங்கே ஒன்பது முத்து என்றால் கோம்த், அதாவது ஆங்கில ஏர்லுக்கு இணையானவர்.

கேடயத்தின் நிறத்தைக் கறுப்பு வெள்ளையிலேயே படிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. சில்வெஸ்ட்ரோ பெத்ரா சாங்க்தா என்ற இயேசு சபைத் துறவி 1638இல் வெளியிட்ட முறை பரவலாகி, செதுக்கு ஓவியர்கள் அதையே பின்பற்றினார்கள். செங்குத்துக் கோடு என்றால் சிவப்பு. கிடைக்கோடு நீலம். குறுக்கும் நெடுக்குமாகச் சதுரக் கட்டம் போட்டிருந்தால் கறுப்பு. மேல் இடது மூலையிலிருந்து கீழே வலப்பக்கம் சரியும் கோடு பச்சை. புள்ளிகள் பொன், வெறுமை வெள்ளி. நிறமும் சின்னமும் தெரிந்துவிட்டால், பிரபுக்குல மரபுச் சின்னங்களின் அகராதியில் குடும்பத்தைப் பிடித்துவிடலாம். பிறகு உடையின் காலத்தை வைத்து எந்தத் தலைமுறை என்று முடிவு செய்யலாம்.

இங்கிலாந்தின் மிக உயர்ந்த வீரப் பட்டமான கார்ட்டரின் நட்சத்திரம் மார்பில் இருந்தால் தேடல் இன்னும் சுருங்கும். அதைப் பெற்றவர்களின் பட்டியல் முழுமையாக உள்ளது. நட்சத்திரம் அவரது இடது மார்பில்தான் இருக்க வேண்டும். நாடா இடது தோளிலிருந்து வலது இடுப்புக்கு இறங்க வேண்டும். இரண்டும் பக்கம் மாறியிருந்தால், முன்பே அச்சான படத்தையோ ஓவியத்தையோ பார்த்தபடியே செம்பில் செதுக்கியிருக்கிறார்கள். அச்சில் எல்லாம் இடம் வலமாகப் புரண்டுவிடும். தேர்ந்த செதுக்கு ஓவியர் கண்ணாடியில் பிம்பத்தைப் பார்த்துச் செதுக்கி இதைத் தவிர்ப்பார். அவசரத் திருட்டுப் பதிப்புகளில்தான் நட்சத்திரம் வலது மார்புக்குத் தாவும்.

வால்போல் 1725இல் பாத் என்ற இன்னொரு வீரப் பட்டமும் 1726இல் கார்ட்டரும் பெற்றார். 1660க்குப் பின் கார்ட்டர் பெற்ற முதல் சாமானியர் அவர்தான். 'நீல நாடா' என்று எதிரிகள் அவரைக் கிண்டல் செய்ததற்கு அதுவே காரணம். ஆகவே மார்பில் என்ன அணிந்திருக்கிறார், கீழே 'சர்' என்றிருக்கிறதா 'ஆர்ஃபோர்டு ஏர்ல்' என்றிருக்கிறதா என்று பார்த்தாலே அவர் படங்களைக் கால வரிசையில் அடுக்கிவிடலாம்.

கேள்வி: 'லார்டு நார்த்' என்று படத்தில் இருக்கிறது. ஆனால் அவர் மக்கள் சபையில் அமர்ந்த பிரதமர் என்று படித்தேன். எது சரி?

பதில்: இரண்டும் சரி. அவர் கில்ஃபோர்டு ஏர்லின் மூத்த மகன். தந்தை உயிரோடிருக்கும்வரை 'லார்டு' என்பது மரியாதைப் பட்டம் மட்டுமே, மேலவை இடம் கிடையாது. 1770 முதல் 1782 வரை பிரதமராக இருந்தது முழுவதும் அந்த நிலையில்தான். 1790இல் ஏர்ல் ஆனார். கீழே 'கில்ஃபோர்டு ஏர்ல்' என்று பொறித்திருந்தால் அந்த எழுத்து 1790க்கு முந்தையதாக இருக்க முடியாது.

கேள்வி: இந்தப் படங்களுக்கு யார் செலவு செய்தார்கள்? மக்கள் ஏன் வாங்கினார்கள்?

பதில்: பிரான்சையும் இங்கிலாந்தையும் தனித்தனியே பார்க்க வேண்டும். பிரான்சில் படம் ஆதரவாளரைச் சுற்றியே வளர்ந்தது. ராபர்ட் நான்த்தேய் ஆளை நேரில் அமர்த்தி வண்ணக்கோலால் வரைந்துகொண்டு, அதையே செம்பில் செதுக்கினார். பிரான்சின் முதன்மை அமைச்சர் மஸாரினை மட்டும் பலமுறை செதுக்கியிருக்கிறார். பல்கலைக்கழகத்தில் ஆய்வுரையை வாதாடும் மாணவன் அதை ஒரு பெரிய மனிதருக்குக் காணிக்கையாக்கி, அவர் உருவத்தைத் தலைப்பில் அச்சிட்டு விநியோகிப்பான். தனிமனிதத் தலைக்கு அவ்வளவு பெரிய தகடுகள் செதுக்கப்பட்டதற்கு இந்த வழக்கம் ஒரு முக்கியக் காரணம். 1660இல் பதினான்காம் லூயி பிறப்பித்த ஆணை, செதுக்குக் கலையைக் கைத்தொழில் சங்கங்களின் கட்டுப்பாட்டிலிருந்து விடுவித்து ஓவியத்துக்கு நிகரான கலையாக ஏற்றது. அந்த உயரத்திலும் அரசியல் விட்டுவைக்கவில்லை. நிதி அமைச்சர் நிக்கோலா ஃபூக்கேயை நான்த்தேய் செதுக்கிய 1661ஆம் ஆண்டிலேயே, செப்டம்பர் 5 அன்று, ஃபூக்கே கைதானார். அமைதியும் தன்னம்பிக்கையும் நிறைந்த அந்த முகத்தை அந்தத் தேதியோடு சேர்த்துப் பார்க்கும்போதுதான் படம் முழுமையாகப் புரிகிறது.

இங்கிலாந்தில் கடைச்சந்தை பெரிது. யார் பதவியில் இருக்கிறார், யார் விழுந்தார் என்பதைப் பொறுத்து வெளியீட்டாளர்கள் தகடு செய்வித்தார்கள். நெல்லர் வரைந்த கிட்-கேட் சங்க உறுப்பினர்களை ஜான் ஃபேபர் மெசோடின்ட் வரிசையாக்கி 1735இல் முடித்தார். அந்தச் சங்கம் விக் என்ற அரசியல் கட்சியினர் கூடிய இடம் என்பதால், விக் கட்சிப் பிரபுக்களின் முழு அணிவகுப்பு அது. அதை வாங்கி மாட்டுவது ஒருவர் எந்தப் பக்கம் என்பதைச் சொல்லிவிடும். மன்னருக்கு நெருக்கமான பிரதமர் பியூட் ஏர்ல் 1763 ஏப்ரலில் பதவி விலகினார். ராம்ஸே வரைந்த அவரது முழு உருவத்தை வில்லியம் ரைலண்டு செதுக்கி வெளியிட்டதும் அதே 1763இல். தெருவில் கேலிச் சித்திரங்கள் பெயரின் ஒலியை வைத்துப் பியூட்டைப் பெரிய பூட்ஸாக வரைந்து விற்றுக்கொண்டிருந்த வேளையில், கம்பீரமான அந்தத் தகடு அரண்மனைத் தரப்பின் பதிலாக நின்றது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் சேகரிப்பவர் பாதிக் கதையைத்தான் வைத்திருக்கிறார்.

கேள்வி: ஒரே குதிரை, ஒரே கவசம், ஆனால் வேறு வேறு தலை கொண்ட இரண்டு அச்சுப்படங்களைப் பார்த்தேன். இது எப்படி?

பதில்: பியேர் லொம்பார் செதுக்கிய குதிரைவீரன் தகடு இதற்குப் பெயர்போனது. மூலம், முதலாம் சார்லஸை வான் டைக் வரைந்த ஓவியம். ஆட்சி மாற மாற அதே தகட்டில், சார்லஸை வீழ்த்தியவர்களின் தலைவரான கிராம்வெல் தலையும் சார்லஸ் தலையும் வந்து போயின. முழுத் தகட்டையும் புதிதாகச் செதுக்கினால் மாதக்கணக்கில் ஆகும். முகத்தைச் சுரண்டிவிட்டு, அந்த இடம் பள்ளமாகிவிடுவதால் தகட்டின் பின்புறத்தில் சுத்தியலால் தட்டி மேலே எழுப்பி, தேய்த்து வழவழப்பாக்கி, புதுத் தலையைச் செதுக்கினால் வேலை விரைவில் முடிந்தது. தலையைச் சுற்றி மங்கலான வளையமும், பழைய கூந்தலின் எச்சக் கோடுகளும், கழுத்தில் பொருந்தாத நிழலும் இருக்கின்றனவா என்று லென்ஸில் தேடுங்கள்.

கேள்வி: என் படங்கள் எல்லாம் ஓரம் ஒட்ட வெட்டப்பட்டவை. யார் இப்படிச் செய்தார்கள்?

பதில்: சேகரிப்பாளர்களேதான். ஜேம்ஸ் கிரேஞ்சர் என்ற பாதிரியார் 1769இல் வெளியிட்ட இங்கிலாந்து வாழ்க்கை வரலாற்று நூல், செதுக்குப் படம் உள்ள மனிதர்களை ஆட்சிவாரியாக, அரச குடும்பம் தொடங்கிப் பன்னிரண்டு வகுப்புகளாக அடுக்கியது. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெயருக்கும் படம் தேடி நூலுக்குள் ஒட்டுவது பெரும் மோகமாகிவிட்டது. பக்க அளவுக்குப் பொருந்த ஓரம் போனது, எழுத்து போனது. வேறு நூல்களிலிருந்தும் படங்கள் உருவப்பட்டன. தகட்டுத் தடத்துக்கு உள்ளே வெட்டிய படிக்கு விலை கணிசமாகக் குறையும். ஆனாலும் வேறு படி கிடைக்காத ஆளாக இருந்தால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சட்டமிட்டு மாட்ட விரும்புகிறேன். தாளில் பழுப்புப் புள்ளிகள் உள்ளன, பின்னால் அட்டையில் ஒட்டியிருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் செய்யக்கூடாதவை. அட்டையிலிருந்து உரிக்காதீர்கள், தாள் அடுக்கடுக்காகப் பிய்ந்து வரும். ப்ளீச் தொடாதீர்கள். புள்ளிகள் வெளுக்கும், அதோடு தாளின் நாரும் நொறுங்கும். இஸ்திரிப் பெட்டியோ கனமான அழுத்தமோ கூடாது. தகட்டுத் தடமும் மை மேடும் தட்டையாகிவிட்டால் திரும்ப வராது. செலோடேப் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம். அதன் பசை மஞ்சளாகி நாருக்குள் இறங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டுப் படங்களில் மெல்லிய இந்தியா தாளில் அச்சிட்டுத் தடித்த தாளின் மேல் படியவைத்தவை உண்டு. அவற்றை நனைத்தால் படம் தனியே மிதந்து வந்துவிடும். மெசோடின்டின் முகத்தை விரலால் தொடவே கூடாது. தேய்த்த இடத்தில் பளபளப்பு விழும்.

நீங்களே செய்யக்கூடியது: மென்மையான தூரிகையால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் தூசி தட்டலாம். மற்றவற்றைத் தாள் பாதுகாப்பு நிபுணரிடம் விடுங்கள். அட்டை மரக்கூழ் வகையாக இருந்தால் அதன் அமிலம் தினமும் தாளைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

சட்டத்துக்கு அமிலமற்ற பருத்தி அட்டையில் சன்னல் வெட்டுங்கள். சன்னல் விளிம்பு தகட்டுத் தடத்துக்கு வெளியே 3 முதல் 5 மில்லிமீட்டர் தள்ளி நிற்கட்டும். தடமும் வெளியீட்டு வரியும் மறைந்தால் படத்தின் பாதிச் சான்று மறைந்துவிடும். படத்தை அட்டையோடு முழுசாக ஒட்டாமல், மேல் விளிம்பில் மட்டும் இரண்டு ஜப்பானியத் தாள் கீற்றுகளைக் கோதுமை மாவுச்சத்துப் பசையால் ஒட்டித் தொங்கவிடுங்கள். நான்கு மூலையையும் ஒட்டினால் ஈரப்பதம் மாறும்போது தாள் விரிந்து சுருங்க இடமில்லாமல் அலையலையாக நெளியும். கண்ணாடி படத்தைத் தொடக்கூடாது. சன்னல் அட்டையின் தடிமன் அந்த இடைவெளியைத் தரும். ஒளி 50 லக்ஸ் அளவில், ஈரப்பதம் 40 முதல் 55 சதவீதத்துக்குள் நிலையாக இருந்தால் புள்ளிகள் மேலும் பரவாது. வெளிச்சுவரையும் குளியலறையை ஒட்டிய சுவரையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: வண்ணம் தீட்டிய பிரபு படம் கறுப்பு வெள்ளையைவிட அபூர்வமானதா?

பதில்: பெரும்பாலும் இல்லை. பிரபுக்களின் உருவப்படங்கள் ஒரே மையில் விற்கவே செய்யப்பட்டவை. நீங்கள் பார்க்கும் வண்ணம் பிற்கால வியாபாரி பூசியதாக இருக்கலாம். கோட்டைத் தாண்டி வழிந்த இளஞ்சிவப்புக் கன்னமும், தாளின் வெட்டு விளிம்பின் மேலேயே ஏறிய வண்ணமும் அதைக் காட்டிக்கொடுக்கும். விதிவிலக்கு ஸ்டிப்பிள். அதில் தகட்டிலேயே பல நிற மைகளைத் துணிச் சுருளால் தடவி ஒரே முறையில் அச்சிட்டார்கள். லென்ஸில் பார்க்கும்போது புள்ளிகளே நிறமாக இருந்து, இடையில் தாள் வெள்ளையாகத் தெரிந்தால் அது அச்சிலேயே வந்த வண்ணம். புள்ளிகள் கறுப்பாக இருந்து, அவற்றின் மேல் நிறம் படர்ந்திருந்தால் தூரிகையால் பூசியது. அப்படிப் பூசியவற்றில் நீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.